புராடக்ட் குழுவை எடைபோடும் முறை

மென்பொருள் நிறுவனம் ஒன்றை நடத்துகிறவருக்கும், அதில் புராடக்ட் பிரிவின் தலைமையை ஏற்றிருப்பவருக்கும், தம்முடைய குழுவினால் உண்மையில் பிரயோஜனம் உண்டா என்ற கேள்வி ஆண்டுக்கு ஒருமுறையாவது எழுந்தே தீரும். எஞ்சினியர் எழுதிய புரோகிராம் ஓடுகிறதா இல்லையா என்பது பிரத்தியட்சமாகத் தெரிந்துவிடும். சேல்ஸ்காரர் கொண்டுவந்த ஆர்டர் கணக்கில் ஏறிவிடும். ஆனால் எதைச் செய்வது, எதை விட்டுவிடுவது, எதை முதலில் செய்வது என்று தீர்மானிப்பதையே தொழிலாகக் கொண்ட குழுவின் உழைப்பு, பிறருடைய உழைப்பின் வாயிலாகவே வெளிப்படுகிறபடியால், அதைத் தனியே பிரித்தெடுத்து எடைபோடுவது சிரமமான காரியம். அந்தச் சிரமத்துக்கு அஞ்சியே பலர், ஓராண்டில் எத்தனை ஃபீச்சர்கள் வெளியாயின என்று எண்ணிப் பார்த்துவிட்டு, அந்த எண்ணிக்கையைக் கொண்டே திருப்தியோ அதிருப்தியோ அடைந்துவிடுகிறார்கள்.

இந்த அத்தியாயத்தில் சொல்லப்போகும் முறை வேறு. குழு எடுத்த முடிவுகளை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, அன்றைக்கு அவர்கள் அறிந்திருந்ததைக் கொண்டு அந்த முடிவு நியாயமானதா என்றும், அதன் பின் வாடிக்கையாளருடைய வேலையில் ஏதேனும் மாறியதா என்றும் விசாரிப்பதே இதன் சாரம். ஒரு ஸ்பிரெட்ஷீட்டும், ஒரு நோட்டுப் புத்தகமும், தொடர்ந்து மூன்று வார காலம் ஒதுக்கும் மன உறுதியும் இருந்தால் போதும்.

இந்த உத்தியோகம் பிறந்த கதையிலேயே இந்த முறைக்கு ஆதாரம் இருக்கிறது. 1931-ஆம் ஆண்டு அமெரிக்காவின் புராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தில் கேமே சோப்பின் விளம்பரத்தைக் கவனித்துவந்த நீல் மெக்கெல்ராய் என்பவர், ஒவ்வொரு சரக்குக்கும் பொறுப்பாளர் ஒருவரை நியமிக்க வேண்டும் என்று மேலதிகாரிகளுக்கு எழுதிய மூன்று பக்கக் குறிப்பே, இன்றைய புராடக்ட் மேனேஜர் பதவிக்கு மூலம் என்பார்கள். விற்பனை எங்கே மந்தமாக இருக்கிறது என்று ஆராய்வதும், அந்தப் பிரதேசத்துக்கு நேரில் சென்று கடைக்காரரிடமும் வாங்குவோரிடமும் விசாரிப்பதும், திட்டம் வகுப்பதும் அந்தப் பொறுப்பாளரின் கடமைகளாக அதில் குறிக்கப்பட்டிருப்பதோடு, திட்டம் எதிர்பார்த்த பலனைத் தந்ததா என்று பதிவுகள் வைத்துச் சரிபார்ப்பதும் அவருடைய கடமையாகவே சொல்லப்பட்டிருக்கிறது.

விளக்கத்தின் வசதிக்காக, சிறு வியாபாரிகளுக்கு பில்லிங் மென்பொருள் விற்கும் ஒரு கம்பெனியை இந்த அத்தியாயம் முழுவதும் மனத்தில் வைத்துக்கொள்வோம்.

தொடங்குவதற்கு முன்

ஒரு டிக்கெட்டையேனும் புரட்டுவதற்கு முன்னால், கீழ்க்கண்ட நான்கையும் எழுத்தில் தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

1. நோக்கம். குழுவின் வேலைமுறையைச் சீர்திருத்துவதற்காகவா, சம்பள உயர்வை நிர்ணயிப்பதற்காகவா, ஆட்களைக் குறைப்பதற்காகவா என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். இந்த அத்தியாயம் முதலாவது நோக்கத்துக்கு மட்டுமே உரியது. மூன்றையும் கலந்தீர்களானால், உங்களிடம் உண்மையைச் சொல்ல ஒருவரும் முன்வர மாட்டார்.

2. காலம். கடந்த பன்னிரண்டு மாதங்களை எடுத்துக்கொண்டு, அவற்றில் கடைசி மூன்று மாதத்து முடிவுகளை மட்டும் ஒதுக்கிவிடுங்கள். அவற்றின் பலன் இன்னும் வெளிப்பட்டிராது.

3. மதிப்பிடுபவர். குழுவின் நேர் அதிகாரி ஒருவரே நீதிபதியாக அமர்வது உசிதமன்று. அவர் இட்ட கட்டளைகளும் இந்த விசாரணைக்குள் வர வேண்டியவை. வேறொரு பிரிவைச் சேர்ந்த அனுபவசாலி ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

4. அதிகார எல்லை. குழுவுக்கு எதைத் தீர்மானிக்கும் உரிமை இருந்தது, எது மேலிருந்து வந்த கட்டளை என்று இரண்டு பத்திகளாகப் பிரித்து எழுதுங்கள்.

இந்த நான்காவதைச் சற்று நிதானமாகவே சொல்ல வேண்டும். பெரும்பாலான மதிப்பீடுகள் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான். தர நிர்வாக அறிஞரான எட்வர்ட்ஸ் டெமிங் தம் வகுப்புகளில் ஒரு பரிசோதனை நடத்திக் காட்டுவதுண்டு. 4000 மணிகள் கொண்ட பெட்டியில் 800 மணிகள் சிவப்பு, மற்றவை வெள்ளை. ஐம்பது குழிகள் உள்ள துடுப்பு ஒன்றைப் பெட்டிக்குள் விட்டு, வெள்ளை மணிகளை மட்டுமே எடுத்துவரும்படி வேலையாட்களுக்கு உத்தரவு. சிவப்பு மணி குறைவாக வந்தவரை அவர் மெச்சுவார், அதிகமாக வந்தவரைக் கண்டிப்பார். ஆனால் பெட்டிக்குள் ஐந்தில் ஒரு பங்கு சிவப்பாக இருக்கும்வரை எந்த வேலையாளின் சிரத்தையும் அதை மாற்றிவிட முடியாது என்பது, பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்குச் சிறிது நேரத்தில் விளங்கிவிடும். உங்கள் கம்பெனியில் ரோட்மேப்பின் பெரும்பகுதி, பெரிய வாடிக்கையாளர் ஒருவருக்கு சேல்ஸ் தலைவர் கொடுத்த வாக்குறுதிகளால் நிரம்பியிருக்குமானால், நீங்கள் எடைபோடப் போவது புராடக்ட் குழுவை அன்று, சேல்ஸ் தலைவரை. அப்படியொரு நிலைமை உங்கள் பட்டியலிலிருந்து தெரியவந்தால், மேற்கொண்டு போகாமல் அந்த ஏற்பாட்டை முதலில் சரிசெய்யுங்கள்.

படி 1: முடிவுகளின் பதிவேடு

இந்த முறை முழுவதற்கும் அஸ்திவாரம் இதுவே. மூன்று வாரத்தில் ஒரு வாரத்தை இதற்கே ஒதுக்குவது தகும்.

1. ரிலீஸ் குறிப்புகள், டிக்கெட்டுகள், மின்னஞ்சல்கள், கூட்டக் குறிப்புகள் ஆகியவற்றைப் புரட்டி, எட்டு முதல் பன்னிரண்டு முடிவுகளைப் பொறுக்கி எடுங்கள். வெற்றி பெற்றவை, தோற்றவை, ஒன்றுமில்லாமல் போனவை மூன்றும் கலந்திருக்க வேண்டும்.

2. அவற்றில் மூன்றேனும் ‘வேண்டாம்’ என்று குழு மறுத்த யோசனைகளாக இருக்கட்டும். செய்தவற்றை எல்லாரும் பார்க்கிறார்கள். செய்யாமல் விட்டதால் மிச்சமான உழைப்பை ஒருவரும் பார்ப்பதில்லை. நல்ல குழுவின் திறமையில் பாதி இந்த மறுப்புகளிலேயே மறைந்திருக்கிறது என்பது என்னுடைய திடமான அபிப்பிராயம்.

3. ஒவ்வொரு முடிவுக்கும் ஏழு பத்திகள் போடுங்கள்: தேதி, தீர்க்க நினைத்த பிரச்சினை, அன்று கையிலிருந்த ஆதாரம், ஆலோசித்த மாற்று வழிகள், தீர்மானித்தவர், எதிர்பார்த்த பலன், நிகழ்ந்த பலன்.

4. முதல் ஆறு பத்திகளையும் எல்லா முடிவுகளுக்கும் நிரப்பிய பிறகே ஏழாவது பத்தியைத் தொடுங்கள்.

இந்தக் கடைசி விதியை அலட்சியம் செய்யாதீர்கள். பலன் தெரிந்த பிறகு திரும்பிப் பார்க்கிற மனம், ஜெயித்த காரியங்களுக்கெல்லாம் முன்யோசனையையும் தோற்ற காரியங்களுக்கெல்லாம் மௌட்டியத்தையும் தானாகவே கற்பித்துக்கொள்ளும். நல்ல ஆதாரத்தோடு எடுத்த முடிவு தோற்பதும், ஆதாரமே இல்லாமல் எடுத்த முடிவு பலிப்பதும் உலகில் சகஜம். முன்னதைச் செய்த குழுவைத் தண்டித்துப் பின்னதைச் செய்த குழுவைப் பாராட்டுவீர்களானால், அடுத்த ஆண்டு உங்களுக்குக் கிடைப்பது சூதாட்டமாகவே இருக்கும்.

‘கையிலிருந்த ஆதாரம்’ என்ற பத்தியில் ஆதாரத்தின் அளவை மட்டும் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. எந்தக் கேள்விக்கு அது விடை என்பதையும் பார்க்க வேண்டும். கோக்கோ கோலா நிறுவனம் 1985 ஏப்ரல் 23 அன்று தன் பழைய பானத்தின் சுவையை மாற்றி வெளியிடுவதற்கு முன், ஏறத்தாழ இரண்டு லட்சம் பேரிடம் சுவைத்துப் பார்க்கச் சொல்லி அபிப்பிராயம் கேட்டிருந்தது. ஆயினும் பொதுமக்களின் எதிர்ப்பு எத்தகையதாக இருந்ததென்றால், 79 நாட்களுக்குள் பழைய பானத்தை மீண்டும் கடைக்குக் கொண்டுவர வேண்டியதாயிற்று. எந்தச் சுவை பிடித்திருக்கிறது என்பதற்கு விடை இருந்தது. பழையது இனிமேல் கிடைக்காது என்றால் மனம் என்ன பாடுபடும் என்பதற்கு விடை இல்லை. நம் பில்லிங் கம்பெனியின் குழு, பில்லின் அச்சு வடிவத்தை மாற்றலாமா என்று நூறு பேரிடம் கேட்டிருக்கலாம். அந்த நூறு பேரும் கடை முதலாளிகளாயிருந்து, கல்லாவில் உட்கார்ந்து நாள் முழுவதும் பில் போடுகிற கணக்குப் பிள்ளைகளில் ஒருவரேனும் அவர்களுள் இல்லாமற் போனால், அந்த நூறுக்கும் மதிப்பில்லை.

குறிப்பு: ‘எதிர்பார்த்த பலன்’ என்ற பத்தி பெரும்பாலான முடிவுகளுக்குக் காலியாக இருந்தால், அதை இன்றைய ஞாபகத்தைக் கொண்டு நிரப்ப முயலாதீர்கள். எதிர்பார்ப்பை எழுதிவைக்காத பழக்கமே உங்கள் முதல் கண்டுபிடிப்பு.

படி 2: எண்கள்

எண்களை ஐந்துக்கு மேல் சேர்க்காதீர்கள். டாஷ்போர்டில் நாற்பது கோடுகள் ஓடினால், அவரவர் தமக்குச் சாதகமான கோட்டைக் காட்டிக்கொண்டிருப்பார்கள். பின்வருவன பொதுவாகப் போதுமானவை.

1. புதிய ஃபீச்சர் வெளியான முதல் முப்பது நாட்களில் அதைத் தொட்ட வாடிக்கையாளர் எத்தனை பேர்; அவர்களில் அடுத்த முப்பது நாட்களிலும் பயன்படுத்தியவர் எத்தனை பேர். இரண்டாவது எண்ணே முக்கியம். முதலாவதில் வேடிக்கை பார்க்க வந்தவர்களும் அடக்கம்.

2. ஒரே மாதத்தில் சேர்ந்த வாடிக்கையாளர்களை ஒரு கூட்டமாகக் கொண்டு, ஆறு மாதம் கழித்து அவர்களில் எஞ்சியிருப்பவர் எத்தனை பேர்.

3. நூறு வாடிக்கையாளருக்கு மாதந்தோறும் வரும் சப்போர்ட் அழைப்புகள், அவற்றுள் ‘எப்படிச் செய்வது’ என்று கேட்பவை எவ்வளவு.

4. வெளியிட்ட ஒன்று பயன்படவில்லை என்று தெரிந்ததிலிருந்து, அதைத் திருத்தவோ நீக்கவோ எடுத்துக்கொண்ட நாட்கள்.

முடித்த டிக்கெட்டுகளின் தொகை, ஸ்பிரின்ட்டில் ஈட்டிய புள்ளிகள், எழுதிய ஆவணங்களின் பக்கங்கள் ஆகியவற்றை இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். அவை நடமாட்டத்தைக் காட்டுமேயன்றிப் பயனைக் காட்டமாட்டா. பொருளாதார அறிஞர் சார்லஸ் குட்ஹார்ட் 1975-ல் பிரிட்டனின் பணக் கொள்கையைப் பற்றி எழுதும்போது, கட்டுப்படுத்துவதற்காக ஓர் அளவையின் மீது அழுத்தம் கொடுத்த மாத்திரத்தில் அந்த அளவை நம்பத்தகாததாகிவிடுகிறது என்று எடுத்துக்காட்டினார். அதன் விபரீதத்தை வெல்ஸ் ஃபார்கோ வங்கியின் விவகாரத்தில் உலகம் கண்டது: விற்பனை இலக்கை எட்டியாக வேண்டும் என்ற நெருக்கடியில் ஊழியர்கள் வாடிக்கையாளரின் சம்மதமே இல்லாமல் கணக்குகளைத் திறந்துகொண்டே போனதற்காக, 2016-ல் அந்த வங்கிக்கு 18.5 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. மதிப்பீட்டுக்கு எடுத்துக்கொண்ட எண்களை அப்படியே அடுத்த ஆண்டின் போனஸுக்கு அளவுகோலாக்கிவிடாதீர்கள் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

ஃபிரெட் ரைக்ஹெல்ட் 2003-ல் பிரசித்தப்படுத்திய ‘நண்பருக்குச் சிபாரிசு செய்வீர்களா’ என்ற பத்து மதிப்பெண் கேள்வியை உங்கள் கம்பெனி உபயோகித்துவருமானால், எத்தனை பேர் பதில் சொன்னார்கள் என்பதை முதலில் பாருங்கள். இருபதே பேர் பதில் சொன்ன இடத்தில், ஒருவர் ஒன்பதிலிருந்து ஆறுக்கு இறங்கினாலே மொத்த மதிப்பு பத்துப் புள்ளி சரிந்துவிடும். அந்தச் சரிவுக்காக ஒரு குழுவைக் கூப்பிட்டு விசாரிப்பது அநியாயம்.

அடுத்தபடி, எண்ணின் ஏற்ற இறக்கத்தில் குழுவுக்கு உரிய பங்கையும் வெளிக் காரணங்களுக்கு உரிய பங்கையும் பிரித்தாக வேண்டும். நல்ல மழை பெய்த ஆண்டின் விளைச்சலை மட்டும் பார்த்து உழவனின் கைத்திறனை அளந்துவிட முடியாது. ஜிஎஸ்டி சட்டத்தின்கீழ் இ-இன்வாய்ஸ் முறை 2020 அக்டோபர் 1 முதல், ஆண்டு விற்றுமுதல் 500 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட நிறுவனங்களுக்குக் கட்டாயமாகி, பின்னர் அந்த வரம்பு படிப்படியாகத் தாழ்ந்து, 2022 அக்டோபரில் 10 கோடியையும், 2023 ஆகஸ்டு 1 அன்று 5 கோடியையும் வந்தடைந்தது. அந்த ஆகஸ்டு மாதத்தில் நம் கம்பெனிக்குப் புதிய வாடிக்கையாளர் திரண்டு வந்திருந்தால், அதில் சர்க்கார் உத்தரவுக்கு எவ்வளவு, குழுவுக்கு எவ்வளவு என்று எப்படி அறிவது? வழி இருக்கிறது.

1. ஐந்து முதல் பத்துக் கோடி வரை விற்றுமுதல் உள்ள வாடிக்கையாளர்களை, அதாவது அந்தத் தேதியில் புதிதாகச் சட்டத்துக்குள் வந்தவர்களை, ஒரு புறம் வையுங்கள்.

2. ஐந்து கோடிக்குக் கீழே உள்ளவர்களை, அதாவது சட்டம் தீண்டாதவர்களை, மறுபுறம் வையுங்கள்.

3. இரு சாராரிலும் அந்த மாதத்துக்கு முன்னும் பின்னும் புதிதாகச் சேர்ந்தவர் எத்தனை பேர், நிலைத்தவர் எத்தனை பேர் என்று ஒப்பிடுங்கள். முதல் சாராரில் மட்டும் ஏற்றம் தெரிந்தால் பெருமை பெரும்பாலும் உத்தரவைச் சேர்ந்தது. இரண்டிலும் தெரிந்தால் குழுவுக்கும் அதில் பங்கு உண்டு.

4. சட்டத்தின் கட்டாயத்தால் வந்தவர்கள் ஆறு மாதம் கழித்தும் வேறு கம்பெனிக்குப் போகாமல் தங்கியிருந்தால், தங்கவைத்த பெருமையைத் தாராளமாகக் குழுவுக்கே கொடுங்கள். உத்தரவு அவர்களைக் கொண்டுவந்து சேர்த்ததே தவிர, தங்கும்படி சொல்லவில்லை.

குறிப்பு: எடுத்த காரியங்களில் பத்துக்கு ஒன்பது வெற்றி என்று ஒரு குழு சொல்லுமானால், பாராட்டுவதற்கு முன் அளந்த முறையைக் கேளுங்கள். மைக்ரோசாஃப்டில் ரான் கோஹாவியும் அவருடைய சகாக்களும் முறையான பரிசோதனைகளால் சோதித்தபோது, ஒரு குறிப்பிட்ட அளவையை உயர்த்துவதற்கென்றே திட்டமிட்டுச் செய்த யோசனைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே அதை உயர்த்தின என்று கண்டார்கள். அத்தனை வசதிகள் படைத்த இடத்திலேயே நிலைமை அது.

படி 3: வாடிக்கையாளரை நேரில் காணுதல்

எண்கள் எங்கே பார்க்க வேண்டும் என்று காட்டும். ஏன் என்பதைச் சொல்லமாட்டா. அதற்கு, டொயோட்டா நிறுவனத்தார் பல்லாண்டுகளாக வற்புறுத்திவருவதைப் போல, காரியம் நடக்கும் இடத்துக்கே போய்ப் பார்க்க வேண்டும்.

1. எட்டு வாடிக்கையாளரைத் தேர்ந்தெடுங்கள். நான்கு பேர் தினசரி பயன்படுத்துகிறவர்கள். இருவர் பணம் கட்டிவிட்டுப் பயன்படுத்தாதவர்கள். இருவர் விட்டுப் போனவர்கள். தேர்வைக் குழுவிடமோ சேல்ஸ் பிரிவிடமோ ஒப்படைக்காதீர்கள்.

2. கடைக்குப் போகிறதானால், வியாபாரம் மும்முரமாக இருக்கும் வேளையில் அரை மணி நேரம் பேசாமல் நின்று பாருங்கள். கூட்டம் ஓய்ந்த பிறகு கேள்வி கேளுங்கள்.

3. ‘மென்பொருள் நன்றாக இருக்கிறதா’ என்று கேட்காதீர்கள். வீடு தேடி வந்தவரின் மனத்தை நோகச் செய்ய நம்மவர்களுக்கு மனம் வராது. ‘நல்லாத்தான் சார் இருக்கு’ என்ற விடையோடு நீங்கள் திரும்ப வேண்டியிருக்கும். ‘போன வாரம் சரக்கு ஒன்று திரும்பி வந்ததே, அதை எப்படிப் பதிந்தீர்கள், செய்து காட்டுங்கள்’ என்று கேளுங்கள்.

4. கம்ப்யூட்டரைச் சுற்றிலும் உள்ள மேஜையைக் கவனியுங்கள். திரையின் ஓரத்தில் ஒட்டிய துண்டுக் காகிதம், பக்கத்தில் திறந்திருக்கும் கடன் நோட்டு, தனியாக வைத்திருக்கும் எக்செல் ஷீட் ஆகிய ஒவ்வொன்றும், உங்கள் மென்பொருள் தீர்க்காமல் விட்ட ஒரு தேவையின் சாட்சி.

5. திரும்பியதும், கண்டவற்றைப் பதிவேட்டிலுள்ள முடிவுகளோடு பொருத்துங்கள். அந்தக் கடன் நோட்டைப் பற்றிக் குழுவுக்கு முன்பே தெரியுமா, தெரிந்து ஒத்திவைத்தார்களா, தெரியவே தெரியாதா? இந்த மூன்றுக்கும் உள்ள வித்தியாசம் மிகப் பெரியது. தெரிந்து, காரணத்தோடு ஒத்திவைத்த குழு தன் வேலையைச் செய்திருக்கிறது. கடைக்காரர் இரண்டு வருஷமாக ஒரு நோட்டில் எழுதிவருவதை அறியாத குழு, ஊர் அறியாமல் ஊருக்குப் பாதை போட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

பாதுகாப்பு: கடையிலுள்ள பில்லையோ திரையையோ படம் எடுக்காதீர்கள். அவற்றில் மூன்றாம் மனிதரின் பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்கும். இந்தியாவில் 2023-ல் நிறைவேறிய தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது என்பது ஒரு புறமிருக்க, ஒருவர் நம்பி உள்ளே விட்ட இடத்தில் அப்படிச் செய்வது முறையுமன்று. வருகையின் நோக்கத்தை முதலிலேயே சொல்லிச் சம்மதம் பெறுங்கள்.

படி 4: பக்கத்துப் பிரிவுகளை விசாரித்தல்

எஞ்சினியர், டிசைனர், சப்போர்ட் ஊழியர், சேல்ஸ்காரர் ஆகியோரில் பிரிவுக்கு இருவரையேனும் தனித்தனியே அரை மணி நேரம் சந்தியுங்கள். இவர்களே குழுவின் முடிவுகளை அன்றாடம் சுமப்பவர்கள்.

1. முதல் கேள்வி எல்லாருக்கும் ஒன்றே: ‘இந்த மூன்று மாதத்தில் எந்த வாடிக்கையாளருடைய எந்தக் கஷ்டத்தைத் தீர்க்கப் பாடுபடுகிறோம்?’ விடையை அவர்கள் கையாலேயே ஒரு சீட்டில் எழுதி வாங்குங்கள். எட்டுச் சீட்டுகளையும் மேஜையில் பரப்பிப் பார்க்கும்போது, குழு தன் எண்ணத்தைப் பிறருக்கு விளங்க வைத்திருக்கிறதா என்பது உடனே தெரிந்துவிடும்.

2. ‘பாதி வேலையில் நிறுத்தச் சொன்னது எது, காரணம் சொன்னார்களா?’

3. ‘நீங்கள் கொண்டுவந்த ஒரு செய்தி முடிவை மாற்றியதுண்டா?’ சப்போர்ட் ஊழியரிடம் இதை அவசியம் கேளுங்கள். வாடிக்கையாளரின் குரல் முதலில் விழுவது அவர்கள் காதில்.

4. ‘அவர்களிடம் கேட்கத் தயங்கும் கேள்வி ஏதேனும் உண்டா?’

பாதுகாப்பு: யார் எதைச் சொன்னார் என்பது அறிக்கையில் தெரியக் கூடாது. ஒரு பிரிவில் ஐந்து பேருக்குக் குறைவாகப் பேசியிருந்தால் அந்தப் பிரிவின் பெயரைத் தனியே குறிப்பிடாமல் பொதுவில் சேர்த்துவிடுங்கள். சொற்களைக் கூட மாற்றி எழுதுங்கள், ஏனெனில் ஒருவருடைய சொல்வழக்கே அவரைக் காட்டிக்கொடுத்துவிடும். காப்பாற்ற முடியாத ரகசியத்துக்கு வாக்குக் கொடுக்காதீர்கள்: அத்துமீறலோ சட்ட விரோதமோ தெரியவந்தால் உரியவரிடம் சொல்லியாக வேண்டியிருக்கும் என்பதைப் பேச்சைத் தொடங்கும்போதே அறிவித்துவிடுங்கள்.

படி 5: ஒரு கூட்டத்தில் மௌனமாக அமர்தல்

முன்னுரிமை தீர்மானிக்கும் கூட்டம் ஒன்றில் மூலையில் அமர்ந்து, ஒருவர் சொன்ன ஆதாரத்தைக் கேட்டு மற்றவர் தம் அபிப்பிராயத்தை மாற்றிக்கொண்ட தருணம் ஒன்றாவது வந்ததா என்று மட்டும் கவனியுங்கள். வேறெதையும் தேடவேண்டாம்.

படி 6: தீர்ப்பும் அறிக்கையும்

1. மதிப்பெண் போடாதீர்கள். நூற்றுக்கு 68 என்று எழுதிய கணத்திலிருந்து, ஏன் 70 இல்லை என்பதைத் தவிர வேறு பேச்சு நடக்காது. பதிவேட்டிலுள்ள ஒவ்வொரு முடிவுக்கும் நேரே ‘ஆதாரத்தோடு எடுத்தது’, ‘பாதி ஆதாரம்’, ‘ஆதாரமின்றி’ என்ற மூன்றில் ஒன்றை எழுதுங்கள்.

2. பிறகு பலனையும் அதே முறையில் எழுதி, இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஆதாரம் நன்றாக இருந்தும் பலன் தொடர்ந்து பொய்த்துவந்தால், ஆதாரம் சேகரிக்கும் முறையில் கோளாறு. ஆதாரமே இல்லாமல் பலன்மட்டும் வந்துகொண்டிருந்தால், வெளிக் காரணங்களைப் பற்றி இரண்டாம் படியில் சொன்னதைத் திரும்பவும் செய்யுங்கள்.

3. அறிக்கை நான்கு பக்கத்துக்கு மேற்படாமல் இருக்கட்டும். ஒவ்வொரு கூற்றுக்கும் பக்கத்தில் அதற்கு ஆதாரமான முடிவின் எண் இருக்க வேண்டும். ஆதாரம் காட்ட முடியாத வாக்கியத்தை அடித்துவிடுங்கள்.

4. மேலிடத்துக்குப் போகுமுன் அறிக்கையைக் குழுவிடம் கொடுத்து, ஒரு வார அவகாசம் அளித்து, அவர்களுடைய மறுமொழியை ஒரு சொல்லும் குறைக்காமல் பின்னிணைப்பாகச் சேருங்கள்.

அடிக்கடி நேரும் பிழைகள்

பேச்சுத் திறனைத் தீர்க்கதரிசனமாக எண்ணிவிடுவது முதலாவது பிழை. ஸ்லைடுகளை அழகாகக் காட்டுகிறவரை உயர்த்தியும், கூட்டத்தில் திணறிப் பேசுகிறவரைத் தாழ்த்தியும் மதிப்பிட்டு நல்லவர்களை இழந்த ஸ்தாபனங்கள் பல. இதற்குப் பரிகாரம், பதிவேட்டை ஆட்களின் பெயர் தெரியாமல் ஒருமுறை படித்துப் பார்ப்பது.

கடைசி மாதத்தின் வெற்றியோ விபத்தோ ஆண்டு முழுவதையும் நிறம் மாற்றிவிடும்படி விடுவது இரண்டாவது. மிகப் பெரிய வாடிக்கையாளர் ஒருவருடைய கோபத்தை எல்லா வாடிக்கையாளரின் கோபமாகக் கொள்வது மூன்றாவது. புதிய சரக்கைத் தேடும் குழுவையும், பத்து ஆண்டாக நிலைத்த சரக்கைப் பராமரிக்கும் குழுவையும் ஒரே தராசில் நிறுத்துவது நான்காவது. முன்னதற்குத் தோல்விகள் தொழிலின் ஓர் அங்கம், பின்னதற்கு ஒரு நாள் பில் போட முடியாமல் நின்றாலும் அது பெருங்குற்றம்.

குழுவினரை ஒருவருக்கொருவர் வரிசைப்படுத்துவது இவை எல்லாவற்றிலும் கொடியது. இங்கே சேகரித்த ஆதாரங்கள் குழுவின் முடிவுகளைப் பற்றியவை. அவற்றைக் கொண்டு ஒரு தனி மனிதரை அளப்பது, எதற்காகப் பேசினார்களோ அதற்கு மாறாக அவர்கள் பேச்சைப் பயன்படுத்துவதாகும். ஆட்குறைப்பு நடக்கப்போகிறது என்ற வதந்தி உலவும் மாதத்தில் இந்த மதிப்பீட்டைத் தொடங்கவே வேண்டாம்.

படி 7: அதன் பிறகு

1. கண்டறிந்தவற்றில் இரண்டே இரண்டைத் திருத்தத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றில் ஒன்றாவது நிர்வாகம் செய்ய வேண்டிய மாற்றமாக இருப்பது நலம். நான்காவது முன்னேற்பாட்டில் எழுதிய இரண்டு பத்திகளைப் பார்த்தால் அது எது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

2. ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளரையும், ஆறு மாதம் கழித்து எதைப் பார்த்தால் மாற்றம் நிகழ்ந்தது என்று ஒப்புக்கொள்வீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

3. பதிவேட்டைக் குழுவின் கையிலேயே ஒப்படைத்துவிடுங்கள். இனி எடுக்கும் முடிவுகளை, எடுத்த அன்றே முதல் ஆறு பத்திகளோடு அவர்களே பதியட்டும். அடுத்த ஆண்டு உங்களுடைய முதல் வார வேலை இரண்டு நாளில் முடிந்துவிடும்.

4. நேர்காணல் குறிப்புகளையும் கையால் எழுதி வாங்கிய சீட்டுகளையும், அறிக்கை ஏற்கப்பட்ட முப்பது நாளுக்குள் அழித்துவிட்டு, அழித்த செய்தியைப் பேசியவர்களுக்கு ஒரு வரியில் தெரிவியுங்கள்.